நீங்கள் தேர்ந்தெடுத்தது உங்களைத் தேடி வரும்: ஆர்எஸ்எஸ் ரீடர் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பெருந்துறை வாசகர் ஒருவர், “பிடித்த தளங்களில் புதிதாக வருவதைத் தவறவிடாமல் படிக்க வழி உண்டா?” என்று கேட்டிருந்தார். “ஆர்எஸ்எஸ் ரீடர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று பதில் எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பிரின்டர், மெமரி கார்டு கேள்விகள் அடுத்த இதழுக்கு இருக்கட்டும். இந்த முறை இதை மட்டும் பேசுவோம்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கோபிச்செட்டிபாளையம்: நாலைந்து இலக்கிய வலைப்பூக்கள், இரண்டு இணைய இதழ்கள் படிக்கிறேன். தினமும் திறந்து பார்த்தால் புதிதாக ஒன்றும் இருப்பதில்லை. ஒரு மாதம் விட்டுப் பார்த்தால் மூன்று நல்ல கட்டுரைகள் வந்து போயிருக்கின்றன. ஆர்எஸ்எஸ் என்றால் என்னங்க, எங்கிருந்து தொடங்குவது?

ஐயா, ஒரு தளத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிற பக்கங்கள் தவிர, பின்னால் சிறிய கோப்பு ஒன்றும் இருக்கும். கடைசியாக வெளியான பத்து இருபது பதிவுகளின் தலைப்பு, தேதி, இணைப்பு, சுருக்கம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். சில தளங்கள் முழுக் கட்டுரையையே அதில் வைத்துவிடும். புதிதாக ஒன்று வெளியானால் தளமே அந்தக் கோப்பில் சேர்த்துக்கொள்ளும். இதைத்தான் ஃபீட் என்கிறார்கள், தமிழில் ஓடை. அந்தக் கோப்பை எழுதும் வடிவத்துக்குத்தான் ஆர்எஸ்எஸ் என்று பெயர். நீங்கள் சொல்கிற ஓடைகளையெல்லாம் குறித்த நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, புதியதை மட்டும் எடுத்து வந்து ஒரே பட்டியலில் காட்டுகிற செயலிதான் ரீடர். சொசைட்டிப் பால் வண்டி ஒவ்வொரு தோட்டத்து முன்னாலும் நின்று கேனை ஏற்றிக்கொண்டு வருகிறதல்லவா, அந்த வேலைதான். கறவைக்காரர் யாரும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்க வேண்டியதில்லை.

தொடங்குவதற்கு இன்றைக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். உங்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு ஃபோன் மட்டும் என்றால் ‘ஃபீடர்’ என்ற திறந்த மூலச் செயலியை நிறுவுங்கள். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, மெயில் முகவரிகூடக் கேட்காது. ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ‘நெட்நியூஸ்வயர்’ அதே மாதிரி நல்லது, அதுவும் இலவசம். ஃபோனிலும் கணினியிலும் மாறி மாறிப் படிப்பவர்களுக்கு ‘இனோரீடர்’ அல்லது ‘ஃபீட்லி’ பொருந்தும். இவற்றில் கணக்குத் தொடங்க வேண்டும். ஆனால் ஃபோனில் படித்து முடித்தது கணினியிலும் படித்ததாகவே காட்டும்.

நிறுவியதும் புதிய ஓடை சேர்க்கும் இடத்தைத் தொடுங்கள். அங்கே வலைப்பூவின் முகப்பு முகவரியை அப்படியே ஒட்டுங்கள். பெரும்பாலான தளங்களில் ஓடை எங்கே இருக்கிறது என்பதைச் செயலியே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்கவில்லை என்றால் நாம் கொஞ்சம் உதவ வேண்டும். வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிளாக்ஸ்பாட் என்றால் சாய்கோடு, ஃபீட்ஸ், சாய்கோடு, போஸ்ட்ஸ், சாய்கோடு, டிஃபால்ட். தமிழ் வலைப்பூக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். இது தெரிந்தால் அநேகமாக எல்லாவற்றையும் பிடித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதலில் ஐந்து ஓடைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். அந்த ஐந்தும் எப்போதாவது எழுதுகிறவர்களுடையதாக இருக்கட்டும். நாளுக்கு நூறு செய்தி போடும் நாளிதழை முதல் நாளே சேர்த்தால் உங்களுக்குப் பிடித்த வலைப்பூ அதற்கடியில் புதைந்துவிடும், ஒரே வாரத்தில் செயலியை நீக்கிவிடுவீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறவரைப் படிக்கத்தான் ஓடை மிகவும் உதவுகிறது. நாளிதழை நாம் மறக்கப் போவதில்லை, அவரைத்தான் மறந்துவிடுவோம்.

பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், திருப்பூர்: ஃபோனில் கூகுள் தானாகவே செய்தி காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் தொழில் குழுக்கள் இருக்கின்றன. இதற்கு மேல் இன்னொன்று எதற்குங்க?

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஏற்றுமதிப் பணம் வருவது பற்றியோ வங்கிக் கடன் பற்றியோ ரிசர்வ் வங்கி ஒரு அறிவிப்பு வெளியிடுகிறது என்று வையுங்கள். அது வாட்ஸ்அப் குழுவுக்கு எப்படி வருகிறது? யாரோ ஒருவர் அதன் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறார். அடுத்தவர் அதில் சிவப்புக் கோடு போட்டு அனுப்புகிறார். மூன்றாவது ஆள் கைக்கு வரும்போது தேதி இருந்த மேல்பகுதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். போன வருஷத்து ஜிஎஸ்டி அறிவிப்பு இன்று காலை வெளியானதுபோல் சுற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ரிசர்வ் வங்கியின் தளம் தன் பத்திரிகைக் குறிப்புகளுக்கும் அறிவிப்புகளுக்கும் தனித்தனி ஓடை தருகிறது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் ஓடை தருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துவிட்டால் அறிவிப்பு அதன் தேதியோடும் மூல இணைப்போடும் நேராக உங்களிடம் வரும். குழுவில் யாராவது எதையாவது அனுப்பினால் அதை உங்கள் ரீடரில் தேடிப் பாருங்கள். இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு அப்புறம் முதலாளியிடம் சொல்லலாம்.

கூகுள் காட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. நீங்கள் முன்பு எதைத் தொட்டீர்கள் என்று பார்த்து அது ஊகிக்கிறது. ஒருமுறை கிரிக்கெட் செய்தியைத் தொட்டால் ஒரு வாரத்துக்குக் கிரிக்கெட்தான். ரீடர் எதையும் ஊகிப்பதில்லை. நீங்கள் கேட்டது வந்த வரிசையில் இருக்கும், கேட்காதது வராது. வாட்ஸ்அப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே வருவதைச் சரிபார்க்க உங்கள் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்கிறேன்.

மஞ்சள் விவசாயி, மொடக்குறிச்சி: ஏனுங்க, இதில் மஞ்சள் ஏல விலை தினமும் வருமா?

விலையைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ ஏற்றுகிற தளங்களில் ஓடை இருப்பது அரிது. விலைக்கு மண்டிக்கு ஒரு ஃபோன் போடுவதுதான் இன்றைக்கும் வேகம். ஆனால் உங்களுக்கு வேறு ஒரு பயன் இருக்கிறது. யூடியூப் சேனல் ஒவ்வொன்றுக்கும் ஓடை உண்டு. கடைசிப் பதினைந்து வீடியோக்கள் அதில் இருக்கும். மஞ்சள் வெள்ளாமை பற்றிப் பேசும் நாலு நல்ல சேனல்களின் முகவரியை இனோரீடரிலோ ஃபீட்லியிலோ ஒட்டிவிடுங்கள். புதிய வீடியோ வந்தால் தலைப்பு தெரியும், வேண்டியதை மட்டும் திறந்து பார்க்கலாம். கிழங்கழுகல் நோய்க்கு மருந்து தேடப் போய் ஒரு மணி நேரம் கழித்து சினிமாப் பேட்டியில் உட்கார்ந்திருக்கும் நிலை வராது.

பொறியியல் மாணவர், திருச்செங்கோடு: கூகுள் ரீடரையே 2013-ல் மூடிவிட்டார்கள், ஆர்எஸ்எஸ் செத்துப்போன தொழில்நுட்பம் என்று எங்கள் சீனியர் சொல்கிறார். நீங்கள் ஏன் இப்போது அதைச் சொல்கிறீர்கள்?

கண்ணு, மூடியது ஒரு நிறுவனத்தின் ஒரு சேவை. ஆர்எஸ்எஸ் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வடிவம்; அதை மூட யாராலும் முடியாது. நீ கணினி படிக்கிற பிள்ளை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இது 1999 மார்ச்சில், பிரவுசர் செய்துவந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. உருவாக்கியவர்களில் ஒருவர் நம் சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹா. நெட்ஸ்கேப் அதைச் சீக்கிரமே கைவிட்டது. ஆனால் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2000-ல் 1.0 பதிப்பை எழுதிய குழுவில் ஆரன் சுவார்ட்ஸ் என்ற பையன் இருந்தான். அப்போது அவனுக்கு வயது பதினான்கு. குழுவில் வாதம் செய்தவர்கள் பலருக்கு அவன் சிறுவன் என்பதே தெரியாது. 2002-ல் டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் 2.0 பதிப்பை வெளியிட்டார். இன்று நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது அதுதான். 2005-ல் ‘ஆட்டம்’ என்ற இன்னொரு வடிவம் முறையான இணையத் தரமாக வந்தது. ரீடர்கள் இரண்டையும் படிக்கும், நமக்கு வித்தியாசமே தெரியாது.

நீ பாட்காஸ்ட் கேட்பாயா? அநேகமாக எல்லாப் பாட்காஸ்ட்டுகளுக்கும் அடியில் இருப்பது ஆர்எஸ்எஸ் கோப்புதான். பதிவோடு ஒலிக்கோப்பின் முகவரியையும் அதில் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். செத்துப்போனது என்று சொன்ன உன் சீனியர் பாட்காஸ்ட் கேட்கிறவர் என்றால் அவரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

அந்தக் காலத்தில் நான் கோபியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். 2004-ல் வந்த தமிழ்மணம் அவர்களுடைய ஓடைகளையெல்லாம் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டியது. சிங்கப்பூரில் இருப்பவர் எழுதியதும், அமெரிக்காவில் இருப்பவர் எழுதியதும், அந்தியூர்க்காரர் எழுதியதும் அடுத்தடுத்து நிற்கும். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அதைப் படிப்பதற்கென்றே வந்து உட்காருகிறவர்கள் இருந்தார்கள். யாரை மேலே காட்டுவது, யாரைக் கீழே தள்ளுவது என்று ஒரு நிறுவனம் முடிவு செய்யாத இடமாக அது இருந்தது. எழுதினால் வரும். தமிழில் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் அந்த ஓடைகள் வழியாகத்தான் வாசகர்களைக் கண்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

கூகுள் ரீடர் 2005 அக்டோபரில் வந்தது. 2013 மார்ச்சில் மூடப் போவதாக அறிவித்தார்கள், ஜூலை 1-ல் மூடினார்கள். அந்த இடைவெளியில் எங்களைப் போன்றவர்கள் செய்தது ஒன்றுதான். எங்கள் ஓடைகளின் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி வேறு ரீடரில் ஏற்றினோம். ஓபிஎம்எல் என்று அதற்குப் பெயர். எல்லா நல்ல ரீடர்களும் அதை ஏற்றுக்கொள்ளும், திருப்பியும் கொடுக்கும். அன்றைக்கு இறக்கிய பட்டியல்தான் செயலி மாறி, ஃபோன் மாறி இன்றும் என்னிடம் இருக்கிறது. முகநூலில் நீ பின்தொடர்கிறவர்களின் பட்டியலை இப்படி எடுத்துக்கொண்டு வேறொரு இடத்துக்குப் போய்ப் பார். முடியாது. ஆர்எஸ்எஸ்ஸை நான் இத்தனை வருஷம் விடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பட்டியலில் பல வலைப்பூக்கள் நின்றுபோய்விட்டன. நான் நீக்குவதில்லை. சத்தியமங்கலம் காட்டுப் பறவைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒருவர் பல வருஷம் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டு, போன மழைக்காலத்தில் இருவாச்சியைப் பற்றி நீளமான ஒரு கட்டுரை போட்டார். அன்று மாலையே என் ரீடரில் வந்து நின்றது. அந்த வலைப்பூவின் முகவரி எனக்கு மறந்தே போயிருந்தது.

வாசகி, பவானி: முகநூல் பக்கங்கள், இன்ஸ்டாகிராம் எல்லாம் இதில் வருமா? மெயிலில் வரும் நியூஸ்லெட்டர்கள்?

முகநூலும் இன்ஸ்டாகிராமும் ஓடை தருவதில்லை. எக்ஸ் தளம், ட்விட்டராக இருந்த காலத்தில் தந்துகொண்டிருந்தது, 2013-ல் நிறுத்திவிட்டார்கள். நியூஸ்லெட்டர்களுக்கு வழி இருக்கிறது. ‘கில் த நியூஸ்லெட்டர்’ என்ற இலவசச் சேவை ஒரு மெயில் முகவரியும் அதற்கு ஓர் ஓடையும் தரும். நியூஸ்லெட்டருக்கு அந்த முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்தால், மெயிலில் வருவதெல்லாம் ரீடருக்கு வந்துவிடும்.

கைத்தறி நெசவுக் குடும்பத்துப் பெண், சென்னிமலை: தறி, பாவு, சாயம் பற்றி வேர்ட்பிரஸில் எழுதி வருகிறேன். என் தளத்தில் ஓடை இருக்கிறதா? முழுக் கட்டுரையும் ஓடையில் தந்தால் யாராவது திருடிவிட மாட்டார்களா?

இருக்கிறது சகோதரி. வேர்ட்பிரஸ் அதைத் தானாகவே உருவாக்கிவிடும். உங்கள் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஃபீட் என்று அடித்துப் பாருங்கள். குறிகளும் எழுத்துமாக ஒரு பக்கம் வந்தால் அதுதான். அமைப்புகளில் வாசித்தல் என்ற பகுதிக்குப் போனால், ஓடையில் முழுப் பதிவையும் தருவதா சுருக்கத்தை மட்டும் தருவதா என்று கேட்கும் இடம் இருக்கிறது. முழுவதையும் கொடுங்கள்.

திருடுகிறவன் உங்கள் பக்கத்திலிருந்தே திருடிக்கொள்வான். ஓடையைச் சுருக்கியதால் அவன் நிற்கப் போவதில்லை. ஆனால் சுருக்கத்தால் உண்மையான வாசகருக்குக் கஷ்டம். தாளவாடியிலோ பர்கூர் மலையிலோ வால்பாறை எஸ்டேட்டிலோ இருக்கிறவரை நினைத்துப் பாருங்கள். சிக்னல் வரும், போகும். சிக்னல் இருக்கிற நேரத்தில் ரீடர் முழுக் கட்டுரையையும் இறக்கி வைத்துவிட்டால், திம்பம் வளைவுகளில் பஸ் ஏறும்போதுகூட அவர் உங்கள் கட்டுரையைப் படிக்கலாம். சுருக்கம் மட்டும் இருந்தால் இரண்டு வரியோடு நின்றுவிடும்.

இன்னொன்று. உங்கள் முகப்பில் அந்த ஆரஞ்சு நிறக் குறியைப் போடுங்கள். ஒரு புள்ளி, அதன் மேல் இரண்டு வளைகோடுகள் இருக்குமே, அது. ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் வரைந்தது, 2005-ல் மைக்ரோசாஃப்ட்டும் அதையே எடுத்துக்கொண்டது. குறியைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். கண்ணில் படாததாலேயே நல்ல தளங்களின் ஓடைகள் யாருக்கும் தெரியாமல் கிடக்கின்றன.

வாசகர், பொள்ளாச்சி: நான் ஏற்கெனவே பயன்படுத்துகிறேன். படிக்காதது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. திறக்கவே மலைப்பாக இருக்கிறது.

எல்லாவற்றையும் படித்ததாகக் குறிக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். அதை இப்போதே அழுத்துங்கள். யாரும் உங்களிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை.

அப்புறம் ஓடைகளைப் பிரித்து வையுங்கள். பலரும் அரசியல், விளையாட்டு, இலக்கியம் என்று பொருள்வாரியாகப் பிரிப்பார்கள். நான் படிக்கிற நேரத்தை வைத்துப் பிரித்திருக்கிறேன்: தினம், ஞாயிறு, எப்போதாவது. ‘தினம்’ பகுதியில் நாலைந்து ஓடைகள்தான், டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நீளமான கட்டுரைகள் ஞாயிறுக்கு. மற்றவை எவ்வளவு சேர்ந்தாலும் கவலைப்படுவதில்லை. திறந்து பார்க்காமலே தாண்டிப் போகிற ஓடை எது என்று ஒரு மாதம் கவனியுங்கள். அதை நீக்கிவிடுங்கள், நல்ல தளமாகவே இருந்தாலும்.

பார்வைக் குறைபாடு உள்ள வாசகர், கோவை: திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை வைத்து ஃபோனில் கேட்கிறேன். செய்தித் தளங்களில் விளம்பரம், மெனு, ‘இதையும் படிக்க’ எல்லாவற்றையும் தாண்டிக் கட்டுரைக்குப் போவதற்குள் அலுத்துவிடுகிறது. ரீடர் உதவுமா?

மிகவும் உதவும். ஓடையில் வருவது தலைப்பும் கட்டுரையும் மட்டும்தான், மெனு கிடையாது. முழுக் கட்டுரை தரும் ஓடைகளாகப் பார்த்துச் சேருங்கள். சுருக்கம் மட்டும் தரும் தளங்களுக்கு, முழுக் கட்டுரையையும் எடுத்து வரும் வசதி ஃபீடர் செயலியில் ஒவ்வொரு ஓடைக்கும் தனியாக இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். டாக்பேக் நேராகக் கட்டுரையை வாசிக்கத் தொடங்கும். பாட்காஸ்ட்டுகளுக்கு ‘ஆன்டெனாபாட்’ வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் திறந்த மூலம், விளம்பரம் இல்லை. வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துவிட்டால் வெளியில் போகும்போது டேட்டா இல்லாமலும் கேட்கலாம்.

வாசகர், கரூர்: பணம் கட்ட வேண்டுமா? பாதுகாப்பானதா?

ஃபீட்லியில் நூறு ஓடை வரை இலவசம், தொடங்குகிறவருக்கு அது தாராளம். ஃபீடர், நெட்நியூஸ்வயர் இரண்டும் முழுக்க இலவசம். தொடர்பு எண்களையோ இருப்பிடத்தையோ கேட்கும் ரீடர் எதுவாக இருந்தாலும் உடனே நீக்குங்கள். ஓடை படிக்க அவை தேவையே இல்லை.

கல்லூரி நூலகர், ஈரோடு: உங்கள் பட்டியலில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

பழைய தமிழ் வலைப்பூக்களைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். ‘தினம்’ பகுதியில் பிபிசி தமிழ் இருக்கிறது, ரிசர்வ் வங்கி அறிவிப்புகள் இருக்கின்றன. மற்றபடி, நூலகர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓடை இருக்கிறது. கணினியில் கட்டுரையைத் திறந்து அதன் வரலாற்றுப் பக்கத்துக்குப் போங்கள். கருவிகள் பட்டியலில் ‘ஆட்டம்’ என்று ஆங்கிலத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அதை நகலெடுத்து ரீடரில் ஒட்டினால், அந்தக் கட்டுரையில் யார் எதை மாற்றினாலும் பழைய வரியும் புதிய வரியுமாக உங்களுக்கு வந்துவிடும்.

காலிங்கராயன் கால்வாய், நொய்யல், பவானிசாகர் அணை என்று நம் பக்கத்துக் கட்டுரைகள் கொஞ்சத்தை இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறேன். மாணவர்கள் இவற்றை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். ஆகவே யாராவது வருஷத்தை மாற்றினாலோ ஒரு பத்தியை அழித்தாலோ கவனிக்க ஆள் வேண்டும். மாற்றம் சரியாக இருந்தால் விட்டுவிடுவேன். ஆதாரம் இல்லாமல் இருந்தால் உரையாடல் பக்கத்தில் ஆதாரம் கேட்டு எழுதுவேன். உங்கள் நூலகத்தில் கொங்கு வரலாற்று நூல்கள் இருக்குமே, கால்வாய் பற்றிய கட்டுரைக்கு இன்னும் நல்ல ஆதாரங்கள் தேவைப்படுகின்றன. அந்த ஓடையை நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள், இருவருமாகப் பார்த்துக்கொள்ளலாம்.